சொல்லாதீங்க, காட்டுங்க

தமிழும் கன்னடமும் கலந்த எங்கள் ஜோகுபாளையம் தெருவில் கொஞ்ச காலம் ஒரு குறிப்பிட்ட மஞ்சள் பெயிண்டை என்னால் ஒரு டப்பாகூட விற்க முடியவில்லை. நல்ல மஞ்சள்தான். வெளிச்சம் வராத ஹாலுக்கு அடித்தால் வீடே விசேஷ வீடாகிவிடும். ஆனால் நிறங்கள் கட்டம் கட்டமாக இருக்கும் ஷேட் கார்டை விரித்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தேனோ இல்லையோ, வந்த பெண்மணி முகத்தைச் சுளிப்பாள். "ஐயே, இது எங்க வீட்டுக்காரரு மூத்திரக் கலரு. இதைப் போய் ஹாலுக்கு அடிப்பாங்களா?" என்பாள். வீட்டுக்காரரும் பக்கத்திலேயே நின்று ஆமாம் என்று தலையாட்டுவார்.

இந்த வியாபார நஷ்டத்துக்குக் காரணம் என் பெயிண்ட் கடைக்கு நேர் எதிரே கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. படிப்பு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராகத்தான் இருப்பார். ஆனால் என் அம்மா உட்பட கிழவிகள் எல்லாரும் டாக்டரம்மா, டாக்டரம்மா என்று எழுந்து நிற்பார்கள். அந்த நடை அப்படி. மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கி வரும்போதே பாதி வியாதி பயந்து ஓடிவிடும் என்று எங்கள் தெரு ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள்.

அவர் முதன்முதலில் என் கடைக்கு வந்தது சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர் வாங்க. முன்பு தையல் கடையாக இருந்த அறையைப் பிடித்திருந்தார். புது டாக்டர், கைராசி வரட்டும் என்று நல்ல எண்ணத்தில் இளமஞ்சளை எடுத்துக் காட்டினேன்.

"வெள்ளை குடுங்க அண்ணா" என்றார்.

"வெள்ளை சீக்கிரம் அழுக்காவும் டாக்டர். கிளினிக்குக்கு மஞ்சள் லட்சணமா இருக்கும்."

"மஞ்சள் சுவத்துக்கு முன்னாடி உக்காந்தா எல்லாரும் காமாலைக்காரங்கதான். பச்சையும் வேணாம். வெள்ளை."

வெள்ளையிலேயே பத்துப் பன்னிரண்டு வெள்ளை இருக்கிறது, எந்த வெள்ளை என்று நான் தொழில் கர்வத்தோடு கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். கடைசியில் வெள்ளை டிஸ்டெம்பர் வாங்கியதோடு, என் ஷேட் கார்டு ஒன்றையும் கேட்காமலேயே கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். வீட்டுக்கு வர்ணம் பார்க்கிறார்போல என்று நினைத்தேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோடையில் எங்கள் பக்கம் காமாலை வீட்டுக்கு வீடு வந்தது. எங்கோ குழாய் உடைந்து சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். மஞ்சளா போவுது டாக்டர், மஞ்சளா போவுது டாக்டர். டாக்டரம்மா ஷேட் கார்டை விரித்து மேசைமேல் வைத்துவிட்டு, "சொல்லாதீங்க, காட்டுங்க. எந்த மஞ்சள்?" என்பார். ஆள் கூச்சத்தோடு விரலால் தொட்டுக் காட்டவேண்டும். அடுத்து மலத்தின் நிறம். அதற்குக் கீழ்வரிசை. பழுப்பு, செங்கல், களிமண், சாம்பல் என்று என் கம்பெனி ஆசையாகப் பெயர் வைத்த கட்டங்களில் எங்கள் தெரு ஜனங்கள் தங்கள் குடலின் ரகசியங்களைத் தொட்டுக் காட்டினார்கள்.

கண்ணைப் பார்ப்பது உள்ளே கிடையாது. கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து, சூரியனைப் பக்கவாட்டில் வைத்து, "மேல பாருங்க, கீழ பாருங்க" என்று இமையை விலக்குவார். குண்டு பல்பு வெளிச்சத்தில் காமாலை ஒளிந்துகொள்ளுமாம். விளக்கு வைத்தபின் வந்தவர்களிடம், மற்றதையெல்லாம் கேட்டுவிட்டு, "கண்ணை நாளைக்குக் காலைல பாத்துச் சொல்றேன்" என்று அனுப்பிவிடுவார். நடுத்தெருவில் நிற்கவைத்துக் கண்ணைப் பிதுக்குகிறார் என்று சிலருக்குக் கோபம். யாருக்குக் காமாலை என்று பேப்பரில் போட்ட மாதிரி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். எதிரே கடையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொழுது நன்றாகப் போனது.

இவ்வளவும் பார்த்துவிட்டு அவர் கொடுப்பது என்ன? ஒன்றுமில்லை. அதுதான் ஜனங்களால் தாங்க முடியாத விஷயம். ஊசி கிடையாது. கலர் டானிக் கிடையாது. பூக்கட்டும் கன்னடக்காரப் பெண் ஒருத்தி, "ஒந்து ஊசியாதரூ ஹாக்கி டாக்டரே" என்று, ஒரு ஊசியாவது போடச் சொல்லி வாசலிலேயே கெஞ்சினது எனக்குக் கேட்டது.

"ஊசி பேடா அம்மா. ஊட்டா மாடி, சென்னாகி ஊட்டா மாடி" என்றார் டாக்டரம்மா. ஊசி வேண்டாம், சாப்பிடு, நன்றாகச் சாப்பிடு. இதற்கா ஃபீஸ் என்று அவள் கேட்டிருக்கவேண்டும். டாக்டரம்மா கொஞ்சமும் அசரவில்லை. "இதுக்கு மருந்து இல்லைன்னு தெரிஞ்சு சொல்றதுக்குத்தான் ஃபீஸ். தெரியாதவங்கதான் ஊசி போடுவாங்க" என்று தமிழில் ஒரு தடவையும் கன்னடத்தில் ஒரு தடவையும் சொன்னார். அந்தத் தைரியத்தை நான் வேறு எந்த டாக்டரிடமும் பார்த்ததில்லை. வாடகை கொடுக்க வேண்டிய புது டாக்டர், வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்புகிறார், அதுவும் தலைநிமிர்ந்து.

அதே தைரியத்தோடு, இது என் வேலையில்லை என்றும் சொல்வார். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். காமாலை என்று யாரோ சொல்லி, வாரக்கணக்கில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் அரிப்பு வேறு. டாக்டரம்மா கார்டை நீட்டியதும் அவர் விரல் களிமண் நிறத்துக்கும் கீழே, வெளிறிப்போன சாம்பலில் போய் நின்றது. டாக்டரம்மா கார்டை மூடினார். "உங்களுக்கு ஈரல்ல கோளாறு இல்ல. பித்தம் வர்ற வழி அடைச்சிருக்கு. இலை அரைச்சுக் குடிச்சா அடைப்பு போவாது. இன்னைக்கே ஸ்கேன்" என்றார். பெரியவர் நாளைக்குப் பிரார்த்தனை இருக்கிறது என்றார். "நீங்க இல்லாம ஒரு ஞாயித்துக்கிழமை கர்த்தர் சமாளிச்சுக்குவார்" என்று டாக்டரம்மாவே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். கல் அடைத்திருந்தது. எடுத்தார்கள். பெரியவர் அதற்குப் பிறகு பல வருஷம் வாசித்தார், சுமாராகத்தான்.

இப்படி ஊரார் காமாலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்குள்ளேயே அது ஒருநாள் நுழைந்தது. எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை. மனைவி குடியாத்தத்துக்காரி. சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றதும் என் அம்மா வேறு கணக்குப் போட்டு, பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கி வரவும் கிளம்பிவிட்டாள். மறுநாள் காலை மனைவி வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது வெயிலில் அவள் கண்ணைப் பார்த்தேன். பெயிண்ட்காரன் கண்ணுக்கு நிறம் தப்புமா? என் கடையில் விற்காமல் கிடந்த அதே மஞ்சள். அவளை அப்படியே எதிரே கிளினிக்குக்கு அழைத்துப்போனேன்.

டாக்டரம்மா பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார், முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "வீட்லயே இருக்கலாம். காய்ச்சின தண்ணி. உப்பு, எண்ணெய் எல்லாம் அளவாப் போட்டுச் சாதாரணச் சாப்பாடு. என்னைக் கேக்காம ஒரு மாத்திரையும் போடக்கூடாது" என்றார்.

அம்மாவுக்கு இது சரிப்படவில்லை. அம்மாவின் வைத்தியம் தனி. காமாலை என்றால் உப்பில்லாத கஞ்சி. வீட்டில் மஞ்சள் நிறத்தில் எதுவும் கண்ணில் படக்கூடாது. குழம்பில் மஞ்சள்தூள் நின்றது. மஞ்சள் புடவை பரணுக்குப் போனது. எலுமிச்சம்பழத்தைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மருமகள் கழுத்துத் தாலிக்கயிறும் மஞ்சள்தானே என்று நான் கேட்டதற்கு அரை நாள் என்னோடு பேசவில்லை.

அம்மா அவளை, கையைக் கழுவிக் காமாலையை இறக்கும் ஒருவரிடமும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் சுண்ணாம்புத் தண்ணீரைக் கையில் தேய்த்துக் கழுவ, கழுவின தண்ணீர் மஞ்சளாக இறங்கியதாம். "அத்தனை மஞ்சளும் எறங்கிடுச்சு டாக்டரம்மா, என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று அம்மா வெற்றிச் செய்தி சொன்னாள். டாக்டரம்மா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கையைக் கழுவினா நல்லதுதான்மா. சாப்பிடறதுக்கு ஏதாவது குடுத்தாரா?" என்றார்.

"ஒரு பொடி குடுத்தாரு."

"சொல்லாதீங்க, காட்டுங்க."

அம்மா இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். டாக்டரம்மா பிரித்து முகர்ந்துவிட்டு மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "கைக்கு மேல என்ன வேணா பண்ணுங்க. வயித்துக்குள்ள போறது மட்டும் என்னைக் கேட்டுத்தான் போகணும். கஞ்சி போதாது, சோறு போடுங்க. பசியில வாடுற ஈரல் எப்படித் தேறும்?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு அவர் என் மனைவியிடம் உட்கார்ந்து பேசினார். காமாலையில் பெரும்பாலும் பயமில்லை, தானாகவே போய்விடும். ஆனால் நூற்றில் ஒருவருக்கு ஈரல் சட்டென்று கைவிட்டுவிடும். அப்போது விஷம் மூளைக்கு ஏறும். ஆள் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார், கூட இருப்பவர்களுக்கே தெரியாது. முதலில் காட்டிக்கொடுப்பது கைதான். மற்ற நோயாளிகளை அவர் தினமும் ஒரு காகிதத்தில் நட்சத்திரம் வரையச் சொல்வார். கோடு கோணினால் அன்றே ஆஸ்பத்திரி. என் மனைவி பேனா பிடித்து வருஷக்கணக்காகிவிட்டது என்றாள்.

"கோலம் போடுவீங்களா?"

"போடுவேன் டாக்டர்."

"சிக்குக்கோலம் ஒண்ணு வெச்சுக்குங்க. தினம் காலைல வாசப்படியில உக்காந்துக்கிட்டே சின்னதாப் போடுங்க. தினம் அதே கோலம். மாத்தக்கூடாது. நான் போறப்ப பாத்துக்கிறேன்."

அம்மா இதற்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். உடம்பு சரியில்லாத பெண்ணைக் குனியவைப்பதா என்பது ஒன்று. வியாழக்கிழமை போட்ட கோலத்தையே வெள்ளிக்கிழமையும் போட்டால், குடியாத்தத்து மருமகளுக்கு ஒரே ஒரு கோலம்தான் தெரியும் என்று தெரு பேசும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய கவலை.

மறுநாளிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஏழு புள்ளி வைத்து, கோட்டை வளைத்து வளைத்து, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பாள். கடைக்குப் பக்கத்திலேயே இருந்த எங்கள் வீட்டு வாசலுக்கு, நான் கடையைத் திறக்கும் நேரத்துக்கு டாக்டரம்மாவின் மொபெட் வரும். இறங்கமாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்துக் கோலத்தைப் பார்ப்பார். ஒரு ஹாரன். எதிரே போய்க் கிளினிக்கைத் திறப்பார். அந்த ஹாரன் சத்தம் கேட்டால்தான் எனக்கு டீ இறங்கும். வாந்தி நிற்கவில்லை, கண் இன்னும் மஞ்சள்தான், ரத்தத்திலும் சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. ஆனாலும் ஹாரன் அடித்துவிட்டார், இன்றைக்கு அவள் இருப்பாள் என்று மனசு அடங்கும்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது எங்கள் வாசலைப் பார்த்தேன். கோலம் பளிச்சென்று இருந்தது. மற்ற நாட்களைவிட நன்றாகவே இருந்தது. தேறிவருகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். மொபெட் வந்தது. கால் ஊன்றியது. தலை சாய்ந்தது. ஹாரன் அடிக்கவில்லை.

டாக்டரம்மா வண்டியை நிறுத்தி இறங்கினார். கோலம் பார்க்க நின்று அவர் இறங்கியது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த பூட்டோடு ஓடினேன். அம்மா வாசலுக்கு வந்தாள்.

"இது யார் போட்டது?"

"வேற யாரு, அவதான்" என்றாள் அம்மா.

"அவங்க கை இல்லம்மா இது. அவங்க கோடு மெலிசு. ஒவ்வொரு வளைவுலயும் கை நிக்கும், அங்க ஒரு சிட்டிகை மாவு அதிகமா விழும். இது நிக்காம ஒரே சீராப் போயிருக்கு. அவங்க எங்க?"

"தூங்கறா. ராத்திரி முழிச்சிட்டிருந்தா, இப்பதான் நல்லாத் தூங்கறா. எழுப்பினா நல்லதில்ல டாக்டரம்மா."

"சொல்லாதீங்க. காட்டுங்க."

குரல் உயரவில்லை. ஆனால் அம்மா விலகி நின்றாள். நானும் டாக்டரம்மாவும் அவளை எழுப்பித் தாங்கிக் கூட்டிவந்து வாசப்படியில் உட்காரவைத்தோம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பயந்தது வீண் என்று நினைத்தேன். டாக்டரம்மா கோலமாவு டப்பாவை அவள் கையில் கொடுத்து, "போடுங்க பாக்கலாம்" என்றார்.

ஒரு புள்ளி வைத்தாள். இரண்டாவதை அதன் மேலேயே வைத்தாள். மூன்றாவதும் அங்கேயே. பிறகு உள்ளங்கையில் இருந்த மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை என்று நினைத்தாளோ என்னவோ, வாய்க்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன், சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு அண்ணா. ஆட்டோ" என்றார்.

கிளினிக் வாசலில் காத்திருந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் மொபெட்டில் வழிவிடச்சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே போனார். எங்கள் ஆட்டோக்காரர் தக்னி உருதுவில் யாரையெல்லாமோ திட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓட்டினார். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டர் என் மனைவியிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னாள். தெளிவாத்தானே இருக்காங்க என்றார் அவர். டாக்டரம்மா அவருடைய பேனாவையே வாங்கி அவள் கையில் கொடுத்து, "பேச்சைக் கேக்காதீங்க, கையைப் பாருங்க" என்றார். அதன் பிறகு அவளைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் இரண்டு நாள் யாரையும் அறியவில்லை. ஊசியும் டிரிப்பும் வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தும் ஏறிக்கொண்டே இருந்தன. இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால், என்று ஆரம்பித்த அங்கிருந்த பெரிய டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எங்கள் டாக்டரம்மா மட்டும் கிளினிக் முடிந்ததும் தினமும் வந்து, வார்டுக்கு வெளியே பெஞ்சில் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிழைச்சிடுவாளா என்று அம்மா கேட்பாள். "இன்னைக்கு நேத்தைவிட நல்லா இருக்காங்க. நான் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்பார். ஆறுதலுக்காகச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை என்று தெரிந்ததால், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அடுத்த நாள்வரை உட்கார்ந்திருப்போம்.

மூன்றாம் நாள் என் மனைவி கண் திறந்து, உப்புப் போட்ட சோறு வேண்டும் என்றாள். அன்று சாயங்காலம் அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனாள்.

"நான்தான் போட்டேன் டாக்டரம்மா. அவ மாவை எடுத்தா, கை ஓடல. வெள்ளிக்கிழமை, வாசல்ல கோலம் கோணலா இருந்தா என்னா நெனப்பாங்கன்னு அவளைப் படுக்கவெச்சுட்டு நானே போட்டேன். அவ கையி மாதிரியே போட்டேனே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாம? தினம் பாத்தது அதைத்தானே" என்றார் டாக்டரம்மா. பிறகு, "ஆனா நல்லாத்தான்மா போட்டிருந்தீங்க" என்றார். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீடு திரும்பிய பிறகு என் மனைவி போட்ட முதல் கோலம் கொஞ்சம் நடுங்கித்தான் இருந்தது. ஆனால் எடுத்த இடத்தில் வந்து முடிந்தது. வளைவுகளில் மாவு விழுந்திருந்தது. மொபெட் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அன்றைக்கு நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்தேன். ஒருவர் அந்த விற்காத மஞ்சளையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வெளியூர்க்காரர்.

கொஞ்ச காலத்தில் டாக்டரம்மாவுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கிளினிக்கைக் காலி செய்த அன்று கடைக்கு வந்து ஷேட் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். மற்ற நிறமெல்லாம் புதுசாக இருந்தது. மஞ்சள்களும் பழுப்புகளும் மட்டும் தேய்ந்துபோயிருந்தன. இதை வைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன விற்பது என்று கேட்டேன். "நல்லாத் தண்ணி காய்ச்சிக் குடிங்க அண்ணா" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்கு இருந்த வருத்தத்தை நான் காட்டிக்கொள்ளவில்லை. அவராகப் பார்த்திருப்பார்.

வருஷங்கள் ஓடின. தெருவில் ஒவ்வொரு வீடும் மூன்று மாடி, நான்கு மாடி என்று எழும்பியது. நாங்களும் கட்டினோம். கீழே கடை, மேலே வீடு. பெயிண்டைக் கலந்து கொடுக்க மெஷின் வந்துவிட்டது. மகள் பிறந்து ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையை மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மாடிப்படியின் கீழே யாரோ ஓர் அம்மாள் நின்றிருந்தார். கண்ணாடி, காதோரம் நரை, கொஞ்சம் பருத்த உடம்பு. ஏதோ விலாசம் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் வாசல் கோலத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது.

நான் எழுந்து வெளியே வருவதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"இது அதே கோலம். ஆனா அவங்க கை இல்ல" என்றார். "அவங்க எங்க? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

மகள் போட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் போடுவாள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். இத்தனை வருஷம் கழித்து வந்த மனிதர், வாசல் மாவைப் பார்த்து முதலில் கேட்டது அவளைப் பற்றி என்றதும் எனக்கு நாக்கு எழவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர் வேறு ஏதோ முடிவு செய்துவிட்டார். அந்த உடம்போடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

மேலே கதவு திறந்திருந்தது. என் மனைவி கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"டாக்டர்!"

டாக்டரம்மா மூச்சு வாங்க நின்றார். பிறகு அவள் கையைப் பிடித்து, அன்றைக்கு மாதிரியே, வெளிச்சத்துக்கு, வராந்தாவுக்கு இழுத்து வந்தார். மேல பாருங்க, கீழ பாருங்க என்றார். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இன்னுமா இதே கோலம் போடுறீங்க?" என்றார்.

"நீங்கதானே டாக்டர் தினம் இதையே போடணும், மாத்தக்கூடாதுன்னீங்க" என்றாள் என் மனைவி. "நிறுத்தச் சொல்லவே இல்லையே."

அது உண்மைதான். பொங்கலுக்குக்கூட பெரிய கோலத்துக்குப் பக்கத்தில் இதையும் ஒன்று போட்டுவிடுவாள். தெருவில் எங்கள் வீட்டுக்கு ஒரு கோலம் வீடு என்றே பெயர். என் அம்மா பயந்தபடியே ஆகிவிட்டது.

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். கண் சரியாகத் தெரியாது, காதும் மந்தம். ஆனால் யார் வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நேரம் பார்க்காமல் கோலப்பொடியைத் தொடவிடாத அம்மா, மத்தியான வெயிலில் மருமகளிடம், "மாவை எடுத்தாடி. டாக்டரம்மா முன்னாடி போடு. சொல்லிட்டே நிக்காத, காட்டு" என்றாள்.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். புள்ளி வைத்தாள். கோடு வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் கை நின்று, ஒரு சிட்டிகை அதிகமாக விழுந்தது. எடுத்த இடத்திலேயே வந்து முடியும்வரை டாக்டரம்மா அந்தக் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"சரி. போதும்" என்றார். "இனிமே எந்தக் கோலம் வேணா போடுங்க."

சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் காய்ச்சினதுதானா என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது வாசலைப் பார்த்தேன். அதே ஏழு புள்ளி, அதே கோலம், மெலிசான கோடு.